பேசக் கற்கும் ஆய்வு மாணவர்கள்

காரைக்குடியில் ஆட்டோக்காரரிடம் ‘மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்’ என்று முழுப்பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். ‘சிக்ரி’ என்றால் உடனே வண்டியைக் கிளப்பிவிடுவார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த நிறுவனம் அது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் நாட்டுக்கு அர்ப்பணித்தார். சுற்றுவட்டாரத்தில் அந்த வளாகத்தை அறியாதவர் இல்லை. ஆனால் உள்ளே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று கேட்டால், “பேட்டரி ஏதோ செய்றாங்க” என்பதற்கு மேல் பதில் வருவது அரிது.

இதில் ஊர்க்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆராய்ச்சி செய்பவர் தன் வேலையை அடுத்த வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று நம் உயர்கல்வி நெடுங்காலம் கேட்டதில்லை. சோதனை செய்தார், ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதினார், பட்டம் பெற்றார் என்பதோடு முடிந்துவிடும். இப்போது நிலைமை மாறி வருகிறது. எடுத்துரைத்தல், எழுதுதல், கற்பித்தல் ஆகிய திறன்கள் முனைவர் பட்டப் படிப்பின் விதிகளுக்குள்ளேயே வந்துவிட்டன. அந்தப் பயிற்சியில் என்ன இருக்கிறது என்பதைப் பள்ளி ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. இன்று நம் ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் மாணவிதான் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு கருத்தரங்க மேடையில் கை நடுங்க நிற்கப்போகிறவர். கை நடுங்காமல் நிற்பதற்கான வேலை நம்மிடம்தான் தொடங்குகிறது.

விதிகள் என்ன கேட்கின்றன?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் முனைவர் பட்டத்துக்கான புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஆய்வு மாணவர் 12 முதல் 16 மதிப்பலகு வரையிலான பாடப்பகுதியை முடிக்க வேண்டும். ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய பாடம் அதில் அடங்கும். எந்தத் துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், தன் பாடம் சார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் அவர் பயிற்சி பெற வேண்டும். வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் உதவிப் பணியும் அவருக்குத் தரப்படலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று, இதுவரை செய்ததையும் இனிச் செய்யப்போவதையும் எடுத்துரைக்க வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறை ஆசிரியர்களும் பிற ஆய்வாளர்களும் கூடியிருக்கும் அவையில் ஒருமுறை பேச வேண்டும். இறுதியாக வாய்மொழித் தேர்வு.

குறைந்தது மூன்று ஆண்டுகள் நீளும் ஒரு படிப்பில் எத்தனை முறை எழுந்து நின்று பேச வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பகுதிநேரமாக ஆய்வு செய்யும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

சிக்ரி போன்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் ஆராய்ச்சி செய்வோருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2011ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அறிவியல் மற்றும் புத்தாக்க ஆராய்ச்சிக் கல்விக்கழகத்தில் பதிவு செய்து, ஆய்வகத்தில் இருந்தபடியே பட்டம் பெறுகிறார்கள். இதன் பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சி.எஸ்.ஐ.ஆர்.-800’ என்ற பகுதி. 800 என்பது நாட்டின் பொருளாதார அடித்தட்டில் உள்ள 80 கோடி மக்களைக் குறிக்கும் எண். ஆய்வு மாணவர் சில வாரங்கள் கிராமப்புறத் தேவை ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்ய வேண்டும். மின்னணு நுண்ணோக்கியோடு பழகியவர், கிணற்றடியில் நிற்பவரிடம் “உங்க தண்ணி எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கியாக வேண்டும். எந்தக் கருத்தரங்கையும்விட இது கடினமான மேடை.

ஒரு பட்டியல், ஏழு உயிர்கள்

எடுத்துரைத்தல் என்றதும் அது நாசூக்கு, மேடை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நிகழ்வு 2003இல் நடந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு கொலம்பியா விண்ணோடம் பிப்ரவரி 1 அன்று சிதறியதை நாம் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். விண்ணில் கிளம்பும்போதே எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியிருந்தது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், அந்த மோதலால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, திரைக்காட்சி மூலம் மேலாளர்களுக்கு விளக்கினார்கள்.

அந்தக் காட்சியின் ஒரு பக்கம் பின்னாளில் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதன் தலைப்பு நிம்மதி தரும் தொனியில் இருந்தது. கீழே அடுக்கடுக்காகப் புள்ளியிட்ட வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், சிறிய எழுத்தில், முக்கியமான செய்தி: சோதனைகளில் பயன்படுத்திய துண்டின் பருமன் 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாகக் கருதப்பட்ட துண்டின் பருமனோ 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. சோதனை முடிவுகளை நம்பி முடிவெடுக்கவே முடியாது என்பதுதான் அதன் பொருள். ஆனால் அது கடைசி வரியில் இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை அங்கே பேசப்படுகிறது என்பதை அந்தப் பக்கத்தைப் படிக்கும் உயர் மேலாளர் உணராமல் போவது எளிது என்று விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் குறிப்பிட்டது. விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாகத் தகவலை அடுக்கிய விதமும் சேர்ந்துகொண்டது.

ஆய்வு மாணவர்களுக்கான பயிற்சியின் முதல் பாடமும் இதுதான். தலைப்பு இருக்கும் இடத்தில் முடிவை எழுது. ‘முடிவுகளும் விவாதமும்’ என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்பிட்டால் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. ‘உப்பு இருமடங்கானபோது துரு வேகமாகப் படர்ந்தது’ என்று எழுதினால், பின்வரிசையில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கும் செய்தி போய்ச் சேரும். நம் கரும்பலகைத் தலைப்புகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்கலாம்.

பாரடே பேசக் கற்ற கதை

மின்வேதியியல் ஊரில் இருந்துகொண்டு பாரடேயைச் சொல்லாமல் போக முடியாது. மின்னாற்பகுத்தல் விதிகளைத் தந்தவர். அயனி, ஆனோடு, கேத்தோடு முதலிய சொற்களை 1834இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர், முறையான பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர் என்பதும் நமக்குத் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அவர் மேடைப்பேச்சைப் பாடமாகவே கற்றுக்கொண்டார்.

1813இல், ராயல் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே, நண்பர் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில் சொற்பொழிவு எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அரங்கின் காற்றோட்டம், பேசுபவரின் நிற்கும் நிலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசக்கூடாது என்பது வரை. அப்போது அவருக்கு வயது 21. பிறரது உரைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்ட கவனிப்பு அது. பின்னர் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் பணம் கொடுத்துப் பயின்றார். தான் வேகமாகப் பேசுவதை அறிந்திருந்ததால், ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு பேசினார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. சிறுவர்களுக்கான ராயல் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் உரைகள் 1825இல் தொடங்கின. பாரடே மட்டும் 19 ஆண்டுகள் அவற்றை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் தொட்டுச் சென்ற உரைத்தொடர் அவற்றுள் புகழ்பெற்றது.

“அவனுக்குப் பேச்சு வரும், இவளுக்கு வராது” என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! பேச்சு வருவது பிறவி வரம் என்றால் பாரடேக்கு அந்த அட்டை தேவைப்பட்டிருக்காது.

வரைபடத்தை எப்படிச் சொல்வது?

பயிற்சியின் நடைமுறைப் பகுதிக்கு வருவோம். அறிவியல் ஆய்வு மாணவர் எந்த உரையிலும் காட்டியே ஆக வேண்டியது வரைபடம். பெரும்பாலோர் செய்யும் தவறு, வரைபடம் திரையில் தோன்றியவுடன் “இதிலிருந்து நாம் அறிவது...” என்று முடிவுக்குத் தாவுவது. பேசுபவர் அந்தப் படத்தோடு ஆறு மாதம் வாழ்ந்தவர். கேட்பவர் அதை இப்போதுதான் பார்க்கிறார்.

எனவே வரைபடத்தை வாசிக்கவே ஒரு வரிசை கற்றுத்தரப்படுகிறது. முதலில் கிடை அச்சு எதைக் காட்டுகிறது, என்ன அலகில். பிறகு செங்குத்து அச்சு. மூன்றாவதாக, ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு அதன் கதையைச் சொல்வது. அதன் பிறகுதான் கோட்டின் போக்கு. எடுத்துக்காட்டாக, கைப்பேசி மின்கலத்தின் ஆயுளைக் காட்டும் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். “கீழே இருப்பது எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கினோம் என்பது. பக்கத்தில் இருப்பது, புதிதாக வாங்கியபோது கொண்ட மின்னூட்டத்தில் இப்போது எத்தனை சதவீதம் கொள்கிறது என்பது. இதோ இந்தப் புள்ளியில் 500 முறை ஆகியிருக்கிறது, 80 சதவீதம் மிச்சம். காலையில் ஏற்றியது முன்பு இரவு பத்து மணி வரை வந்தது என்றால் இப்போது சாயங்காலமே கேட்கத் தொடங்கும். சரி, இனி கோட்டைப் பாருங்கள்.” இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைச் செலவிடாததால் வீணாகும் உரைகள் எத்தனையோ.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் திசைவேகம் – காலம் வரைபடம் நடத்தும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் மாணவரை எழுப்பி, “இந்த வரைபடத்தை வகுப்புக்குச் சொல்” என்று கேட்பது அரிது. வரைந்துகாட்டச் சொல்கிறோம், மதிப்பெண் போடுகிறோம், அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

இனி ஆய்வுத் தலைப்பைச் சொல்லும் விதம். ஆய்வு மாணவர் ஒருவர் தன் வேலையை இப்படி அறிமுகப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “குளோரைடு அயனிச் சூழலில் மென் எஃகின் அரிமானத்தைத் தடுக்கும் கரிமச் சேர்மங்களின் பரப்புக்கவர்ச்சி நடத்தை.” ஒரு சொல்லும் பிழையில்லை. ஒருவருக்கும் புரியவும் இல்லை. பயிற்சிக்குப் பின் அதே மாணவர் இப்படித் தொடங்கலாம்: “மண்டபத்தில் வீடு கட்டியவர் ஜன்னல் கம்பியை வாங்கியபோது அது விரல் தடிமன் இருந்தது. கடற்காற்று பட்டுப் பட்டு இப்போது கையால் ஒடிக்கலாம். காற்றில் வரும் உப்பு இரும்பைத் தின்னவிடாமல் தடுக்க, இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் பொருள்களைத் தேடுகிறேன்.” அடுத்து எண்: “உப்பு நீரில் போட்ட தகடு 100 மில்லிகிராம் எடை இழந்தது. அதே நீரில் அந்தப் பொருளைச் சிறிது கலந்து இன்னொரு தகட்டைப் போட்டேன். 20 மில்லிகிராம்தான் இழந்தது. ஆகவே தடுப்புத்திறன் 80 சதவீதம்.” எடை இழப்பைக் கொண்டு அரிமானத்தை அளக்கும் முறை இதுதான். ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்கு.

மண்டபத்தைச் சும்மா சொல்லவில்லை. சிக்ரிக்கு அங்கே ஒரு கடலோர ஆய்வு மையம் இருக்கிறது. உலோக மாதிரிகளைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் நீண்ட காலம் வைத்து என்ன ஆகிறது என்று பார்க்கும் இடம். அருகிலேயேதான் 1914இல் பழைய பாம்பன் பாலமும் 2025 ஏப்ரலில் புதிய பாலமும் திறக்கப்பட்டன. இராமேசுவரம் சுற்றுலாவுக்கு நாம் அழைத்துச் செல்லும் குழந்தைகள் பாலத்தில் கை அசைத்துவிட்டு வருகிறார்கள். அந்த இரும்பு ஏன் மீண்டும் மீண்டும் வர்ணம் கேட்கிறது என்று ஒரு கேள்வியைப் பேருந்திலேயே போட்டுவிட்டால், பத்தாம் வகுப்பின் அரிமானப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

மூன்று நிமிடமும் ஒரு படமும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கடும் வறட்சி நிலவியபோது, தண்ணீரைச் சேமிக்கச் சீக்கிரம் குளித்து முடிக்கும்படி மக்களிடம் சொன்னார்கள். குளியலறைச் சுவரில் ஒட்டிவைக்க மூன்று நிமிட மணற்கடிகாரங்கள் வந்தன. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்கு அதிலிருந்துதான் ஒரு யோசனை பிறந்தது. குளியல் மூன்று நிமிடத்தில் முடியும் என்றால் ஆய்வை மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாதா? 2008இல் அங்கே தொடங்கிய ‘மூன்று நிமிட ஆய்வேடு’ போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. விதிகள் கறாரானவை. ஒரே ஒரு அசையாப் படம். வேறு பொருள் எதுவும் கையில் இருக்கக்கூடாது. பாட்டு, கவிதை கூடாது. மூன்று நிமிடம் தாண்டினால் போட்டியில் இடமில்லை. துறை அறியாதவருக்குப் புரிந்ததா என்பதுதான் முக்கிய மதிப்பீடு.

எழுத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு முயற்சி உண்டு. ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் ‘அவ்சர்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்கான கட்டுரையாக எழுதி அனுப்ப வேண்டும். தேர்வாகும் 100 கட்டுரைகளுக்குத் தலா 10,000 ரூபாய், அவற்றுள் முதலிடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பரிசுத் தொகையைவிட அந்த யோசனை பெரிது. ஆய்விதழில் வெளியாகும் கட்டுரையைப் படிப்பவர் அதே துறையினர் மட்டுமே. வரிப்பணம் கொடுத்தவருக்கு யார் சொல்வது?

மொழிச் சிக்கல்

இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறை ஆய்வாளருக்குச் சுமை இரண்டு. ஒன்று, ஆங்கிலத்தில் பேசும் தயக்கம். மற்றொன்று வெளியே தெரியாதது: பொருள் மனத்தில் தெளிவாக இருந்தும், சொல் வராத ஒரே காரணத்தால் தனக்குப் பாடமே தெரியவில்லை என்று நம்பத் தொடங்குவது. இரண்டாவதுதான் ஆபத்தானது. நல்ல ஆய்வு செய்தும் கேள்வி நேரத்தை நினைத்துக் கருத்தரங்குகளுக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. வேலைவாய்ப்பும் மேற்படிப்பும் அங்கே நடக்கும் அறிமுகங்களில் தீர்மானமாகின்றன என்பதால் இழப்பு சிறியதல்ல.

முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பது இதற்கு நல்ல மருந்து. தமிழில் சொல்லும்போது, புரியாமல் மனப்பாடம் செய்த இடங்கள் தாமாகவே பிடிபடும். ஒரு சான்று: ஆனோடு என்பதை ‘நேர்மின்வாய்’ என்று படித்திருக்கிறோம். மின்னாற்பகுப்புக் கலத்தில் அது சரி. ஆனால் கால்வானிக் கலத்தில், அதாவது நாம் பயன்படுத்தும் மின்கலத்தில், ஆனோடுதான் எதிர்முனை. ஆக்சிஜனேற்றம் நடக்கும் முனை ஆனோடு என்பதே இரண்டுக்கும் பொருந்தும் வரையறை. ஆங்கிலத்தில் ‘ஆனோடு’ என்று சொல்லிக்கொண்டே போகும் மாணவர் இந்த முடிச்சைக் கவனிக்காமல் கடந்துவிடலாம். தமிழில் விளக்க முயல்பவர் தடுக்கி நிற்பார், நின்று யோசிப்பார். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நடத்தும் நண்பர்கள் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால் நல்லது.

கேள்வி நேரமும் கற்றுத்தரப்பட வேண்டியதே. கேள்வியை முழுதாகக் கேள், உன் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல், பிறகு பதில் சொல் என்பார்கள். திருப்பிச் சொல்வதில் யோசிக்க நேரம் கிடைக்கிறது. கேட்டவர் நினைத்தது அதுதானா என்பதும் தெளிவாகிறது. தெரியாவிட்டால், “இதை நான் சோதித்துப் பார்க்கவில்லை, இப்படிச் செய்தால் தெரியவரும்” என்று சொல்லலாம். ஆய்வாளருக்கு அது கௌரவமான பதில். ஆனால் பள்ளியில் ‘தெரியாது’ என்றவர் எழுந்து நின்றே பாடம் கேட்ட நினைவு பலருக்கு இருக்கிறது. அந்த நினைவோடு முனைவர் பட்டம் வரை வந்தவர், தெரியாததற்கும் ஏதாவது சொல்லி மாட்டிக்கொள்கிறார்.

ஆய்வகமும் பள்ளியும்

ஆய்வு மாணவருக்கு நல்ல பயிற்சிக் களம் எது என்றால், நம் குழந்தைகள்தான். சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளான செப்டம்பர் 26ஐ ஒட்டி அதன் ஆய்வகங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. ஒவ்வொரு கருவியின் அருகிலும் நின்று விளக்குவோரில் ஆய்வு மாணவர்களும் இருப்பார்கள். 2017 ஜூலையில் தொடங்கிய ‘ஜிக்யாசா’ திட்டம் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளோடு சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களை இணைக்கத் தொடங்கப்பட்டது. நம் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 2022 நவம்பர் முதல் வானவில் மன்றம் இயங்கி வருகிறது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் இருக்கவே இருக்கிறது.

இப்படி ஒரு நாளில் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, வரிசையாக நடந்து பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. முன்கூட்டியே ஒரு குழந்தைக்கு ஒரு கேள்வி என்று எழுதி எடுத்துச் செல்லச் சொல்லலாம். “இது எதுக்குங்க அக்கா?”, “இது கெட்டுப்போனா என்ன ஆகும்?”, “இதைக் கண்டுபிடிக்க எத்தனை தடவை தப்பாப் போச்சு?” போன்ற எளிய கேள்விகள் போதும். அந்த அக்காவோ அண்ணனோ கலைச்சொற்களை விட்டு இறங்கி வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். இருவருக்கும் அது பாடம். பக்கத்துக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ நம் பள்ளியின் முன்னாள் மாணவர் யாரேனும் ஆய்வு செய்துகொண்டிருந்தால், ஒரு பாடவேளைக்கு அழைக்கலாம். அவருக்கும் கற்பித்தல் பயிற்சி தேவைப்படுகிறது என்பதை மேலே பார்த்தோம். கேட்டால் மறுக்கமாட்டார்.

வகுப்பறையில் இதைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மூன்று நிமிடம், ஒரு படம் என்ற விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். படம் சார்ட்டிலும் இருக்கலாம், கரும்பலகையிலும் வரையலாம். தலைப்பு பாடப்புத்தகத்துக்கு வெளியே, வீட்டுப்பக்கமே இருக்கட்டும். ஆத்தங்குடிப் பக்கத்துக் குழந்தை டைல்ஸ் செய்வதைச் சொல்லட்டும்: கண்ணாடியின் மேல் அச்சை வைப்பது, வண்ணக் கலவையை ஊற்றுவது, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவது, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைப்பது. ஏன் வெயிலில் காயவைக்காமல் தண்ணீரில் போடுகிறார்கள் என்று யாராவது கேட்டுவிட்டால், சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்ற வேதியியல் அங்கேயே வந்துவிடும். தொடக்க வகுப்பு என்றால் ஒரு நிமிடம் போதும், ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம்.

நேரம் இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. 40 பேர் உள்ள வகுப்பில் எல்லாரையும் ஒரே மூச்சில் பேசவைக்க முடியாது. உரைக்கு மூன்று நிமிடம், கேள்விக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு இருவர். 20 வேலை நாட்களில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று முடிந்துவிடும். வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் தரும்போது உச்சரிப்பையும் கைவீச்சையும் பார்க்க வேண்டாம். கேட்டவர்களில் ஒருவரை எழுப்பி, “அவள் என்ன சொன்னாள்?” என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வது சரியாக இருந்தால் பேசியவருக்கு மதிப்பெண்.

பேசத் தயங்கும் குழந்தையை முதல் வாரமே முன்னால் நிறுத்தக்கூடாது. இருக்கையில் அமர்ந்தபடி பக்கத்துத் தோழிக்குச் சொல்லட்டும், பிறகு நான்கு பேர் குழுவில், பிறகு நின்று. திக்கிப் பேசும் குழந்தைக்கு மூன்று நிமிடக் கடிகாரம் கிடையாது என்று வகுப்புக்கே முதலில் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்பவருக்கும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். யார் பேசினார், யார் என்ன கேள்வி கேட்டார் என்று இரண்டு பத்திகள். முதல் வாரத்தில் இரண்டாவது பத்தி காலியாகவே கிடக்கும். அப்போது நாமே எழுந்து கேள்வி கேட்டுவிடக் கூடாது, பத்து நொடி காத்திருக்க வேண்டும். வகுப்பில் பத்து நொடி மௌனம் மிக நீளமாகத் தெரியும். பெரும்பாலும் எட்டாவது நொடியில் ஒரு கை எழும்.